மீன் காசு

ஆண்டிமடம்
8.7.2025

அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே நலம். உங்கள் நலத்தை ஜைனம்பு அக்கா அவ்வப்போது சொல்கிறார். நீங்கள் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

நேற்று அக்கா போனில் சொன்ன ஒரு செய்திக்காகத்தான் இந்தக் கடிதம். "தம்பி கடையச் சாத்திட்டு வூட்டுக்கு வந்தா சோறுகூடத் திங்கிறதில்ல. மர்வாவோட காசு டப்பாவத் தொறந்து வச்சிக்கிட்டு ஒவ்வொண்ணா போட்டோ புடிச்சிக்கிட்டு இருக்கான். நீயாச்சும் என்னான்னு கேளு" என்றார். எங்கள் பள்ளியில் வணிகவியல் எடுக்கும் பூங்குழலி டீச்சரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். வெளிநாட்டுக் காசுகளைப் படம் எடுக்கிறவர்கள் அதை ஆன்லைனில் போட்டு விற்கத்தான் எடுப்பார்களாம்.

விற்கப் போகிறீர்களா?

"இனிமே இந்த வூட்டுல அவ பேச்ச எடுக்காத" என்று நீங்கள் சொன்ன அன்றே, அந்த வீட்டில் எனக்கு வேறு பேச்சு இல்லை என்று தெரிந்துவிட்டது. அதனால்தான் மாறுதல் வாங்கிக்கொண்டு இங்கே வந்தேன். சட்டி பானை, கட்டில், பீரோ என்று எதையும் நான் கேட்கவில்லை. அந்த டப்பா மட்டும் வேறு. துபாய், குவைத், மலேசியா என்று சபர் போய் வந்த ஒவ்வொரு மாமாவிடமும் கை நீட்டி வாங்கியது. மற்ற பிள்ளைகள் சாக்லேட் கேட்டபோது காசு கேட்ட பிள்ளை. எட்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் சேர்த்ததை நீங்கள் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? என்னிடம் அனுப்பிவிடுங்கள்.

போனிலேயே கேட்கலாம். கேட்டால் நீங்கள் மறுமுனையில் மூச்சு மட்டும் விடுவீர்கள். நான் கத்துவேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தம் குறையும். அதனால் தபாலில் எழுதுகிறேன்.

ஃபர்ஹா


பெரம்பலூர்
14.7.2025

வ அலைக்குமுஸ் ஸலாம் ஃபர்ஹா.

விற்கவில்லை. விற்கவும் மாட்டேன். இதை முதலில் எழுதிவிடுகிறேன், மீதியை நீ படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

எனக்குக் கடிதம் எழுத வராது. நிச்சயம் முடிந்த பிறகு உனக்கு ஒன்றே ஒன்று எழுதினேன், அதிலும் பாதி கிரிக்கெட் என்று நீ சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

நடந்தது இதுதான். திருச்சியிலிருந்து போன் கவர் அனுப்புகிறவர் பெட்டியோடு இரண்டு கிளிப் லென்ஸ் சாம்பிள் வைத்திருந்தார். துணி காயப்போடும் கிளிப் மாதிரியே இருக்கும், நுனியில் சின்னக் கண்ணாடி. போன் கேமரா மேல் கவ்வ வைத்துவிட்டுக் கிட்டே கொண்டுபோனால் எறும்பின் மீசைகூடத் தெரியும். கஸ்டமருக்குக் காட்ட ஏதாவது ஒரு படம் வேண்டும். காசைப் படம் எடுத்தால் நன்றாக இருக்கும் என்று வாங்க வந்த ஒரு காலேஜ் பையன் சொன்னான். கல்லாவில் இருந்த ரூபாயை எடுத்திருக்கலாம். வீட்டுக்கு வந்து பீரோ மேலிருந்த டப்பாவை எடுத்தேன். ஏன் என்று கேட்காதே. இரண்டு வருஷமாக அதன் பக்கம்கூட நான் பார்த்ததில்லை.

முதல் படம் பார்த்ததும் கை நிற்கவில்லை.

டப்பா ஒன்று. நாம் இரண்டு பேர். உன்னிடம் அனுப்பிவிட்டால் எனக்கு இல்லை, நானே வைத்துக்கொண்டால் உனக்கு இல்லை. எல்லாக் காசையும் படம் எடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டால் உனக்கும் ஒன்று அனுப்பலாமே என்று நினைத்தேன். அனுப்பத்தான் தைரியம் வரவில்லை. இப்போது நீயே கேட்டுவிட்டாய். நான்கு படம் வைத்திருக்கிறேன்.

படம் சரியாக இல்லை என்று எனக்கே தெரியும். நடுவில் மட்டும் தெளிவாக வருகிறது, ஓரமெல்லாம் கலங்கிவிடுகிறது. லென்ஸ் காசை ஒட்டி நிற்க வேண்டியிருப்பதால் போனின் நிழலே காசு மேல் விழுகிறது. லைட் போட்டால் வெள்ளைக் காசு கண்ணாடி மாதிரி அடிக்கிறது. ஒளியைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்துகிறவள் நீ. என்ன செய்யலாம் சொல்.

அனஸ்


ஆண்டிமடம்
21.7.2025

அஸ்ஸலாமு அலைக்கும்.

படங்கள் வந்தன. உங்களுக்குப் பதில் எழுத நேற்றே ஒரு தாள் எடுத்தேன். அதில் நான் எழுதியிருந்தது எதையும் நீங்கள் படிக்க வேண்டாம். "டப்பா ஒன்று. நாம் இரண்டு பேர்" என்ற வரியை மறுபடி படித்துவிட்டு அதைக் கிழித்துப் போட்டேன். டப்பா உங்களிடமே இருக்கட்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நேர் மேலிருந்து ஒளி விழுந்தால் மேடு பள்ளம் எதுவும் தெரியாது. உச்சிவெயிலில் நம் ஊர் சுண்ணாம்புக் குவாரி ஒரே வெள்ளையாகத் தெரியும், சாயங்காலம் பார்த்தால் ஒவ்வொரு வெட்டும் தெரியும் இல்லையா? அதேதான். லைட்டைப் பக்கவாட்டில் தாழ்த்தி வையுங்கள், மேசையை உரசுகிற மாதிரி. எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்துங்கள். பளபளக்கும் காசுக்கு டீக்கடைப் பேப்பர் கப்பின் அடியை வெட்டி, காசைச் சுற்றிக் கவிழ்த்து வைத்து, வெளியிலிருந்து லைட் அடியுங்கள். ஒளி உள்ளே பரவலாக வரும். போனைக் கையில் பிடிக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே உயரத்துக்குப் பெட்டி அடுக்கி அதன்மேல் படுக்க வைத்து டைமர் போடுங்கள். போன் கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு ஓரம் கலங்கத்தான் செய்யும்.

செம்புக் காசுகள் கறுத்துக் கிடக்கின்றன. புளி போட்டுத் துலக்கிவிட்டு எடுங்கள்.

இன்னொன்று. படத்தின் பின்னால் "யுஏஇ, 25 ஃபில்ஸ்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் அதற்கு வைத்த பெயர் மான் காசு. ஒரு திர்ஹத்துக்குக் கூஜாக் காசு. ஐந்து ஃபில்ஸ் மீன் காசு. அவள் பெயரை எழுதுவது உங்களுக்குச் சிரமமாக இருந்தால் வேண்டாம். அவள் வைத்த பெயர்களையாவது எழுதுங்கள்.

ஃபர்ஹா


பெரம்பலூர்
31.7.2025

ஃபர்ஹா,

நீ சொன்ன மாதிரியே செய்தேன். மான் காசைப் பார். காது நுனி தெரிகிறது. கூஜாக் காசில் மூக்கின் வளைவைப் பார். பேப்பர் கப் வாங்குவதற்காகவே எதிர்க் கடையில் தினமும் டீ குடிக்கிறேன். "பாய், குடிச்சிட்டுக் கப்ப ஏன் பையில போடுறீங்க?" என்று டீக்கடைக்காரர் கேட்கிறார்.

பின்னால் அவள் வைத்த பெயர்களையே எழுதியிருக்கிறேன். சிலதற்கு எனக்குத் தெரியாது. மலேசியக் காசு ஒன்றில் பூ இருக்கிறது, அதற்கு மர்வா என்ன பெயர் வைத்தாள்? உனக்குத் தெரிந்தால் எழுது.

செம்புக் காசுகளைப் புளியில் ஊறவைத்துத் தேய்த்தேன். பளிச்சென்று வந்தன. ஆனால் படத்தில் என்னவோ நேற்று வாங்கினது மாதிரி இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. புளியும் தீர்ந்துவிட்டது. மீன் காசு ஒன்று மட்டும் துலக்காமல் கிடக்கிறது, அதை அப்படியே எடுக்கிறேன்.

பெயர் சொல்லாதே என்று நான் சொன்னதைப் பற்றி எழுதியிருந்தாய். அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை, இப்போது கொஞ்சம் தெரிகிறது. யாரும் பேசாமல் இருந்தால் அவள் ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு என்னால் கடையில் உட்கார முடிந்தது. நாலு மணி வரைக்கும் தாங்கும். நீ அவள் பெயரைச் சொல்லி அழும்போதெல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த அந்த நிமிஷம் மறுபடி வந்தது. உன்னை அடக்க நினைத்துச் சொல்லவில்லை. அந்தப் போன் மறுபடி அடிக்கக் கூடாது என்றுதான்.

இன்னொரு லென்ஸ் இருந்தது இல்லையா, அதை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். உன் போனுக்குப் பொருந்தும். மூன்று கேமராவில் எது எடுக்கிறது என்று பார்த்து அதன்மேல் மாட்டு, இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது. முந்திரிப் பூவை எடுக்கலாம், அங்கேதான் காடு காடாக இருக்கிறதே.

அனஸ்


ஆண்டிமடம்
6.8.2025

அன்புள்ள மர்வா அத்தாவுக்கு,

இப்படி அழைத்து எவ்வளவு நாளாகிவிட்டது என்று எழுதிய பிறகுதான் உறைத்தது. அந்த வரியை அடிக்காமல் விட்டுவிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் பள்ளியில் வைத்துப் படித்திருக்கக் கூடாது. ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்தபோது "மிஸ், கண்ணுல என்ன?" என்று கேட்டார்கள். குவாரித் தூசி என்றேன். ஆண்டிமடத்தில் குவாரி ஏது என்று அவர்களுக்கும் தெரியும்.

எனக்கு நேர்மாறாக இருந்தது. ஒரு நாள் அவள் பெயரைச் சொல்லாவிட்டாலும் அவள் பிறக்கவே இல்லை என்பது போல் ஆகிவிடும் என்று பயந்தேன். அதனால் சோறு போடும்போதும் துணி மடிக்கும்போதும் சொல்லிக்கொண்டே இருந்தேன். உங்களுக்குப் போன் அடிக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லாமல் இருந்தால் எனக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியாது. ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு இதை இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை.

மலேசியக் காசுக்கு அவள் வைத்த பெயர் செம்பருத்திக் காசு.

முந்திரி பூக்கும் காலம் இது இல்லை, கடைக்காரரே. வெறும் இலையைத்தான் எடுத்தேன். நரம்பெல்லாம் ரோடு மேப் மாதிரி இருக்கிறது.

ஃபர்ஹா


பெரம்பலூர்
12.8.2025

ஃபர்ஹா,

இதோடு ஒரே ஒரு படம்தான் இருக்கிறது. உட்கார்ந்துகொண்டு பார்.

துலக்காமல் விட்ட மீன் காசை நேற்று எடுத்தேன். லைட்டை நீ சொன்னபடி தாழ்த்தினேன். கறுப்பாக இருந்ததால் இன்னும் தாழ்த்தினேன். மீனின் முதுகுக்கு மேலே வெற்றிடத்தில் கோடு கோடாகத் தெரிந்தது. கீறல் என்று நினைத்தேன். லென்ஸில் தூசியாக இருக்கும் என்று துடைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். அப்போதும் இருந்தது. போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடுகள் வளைந்து வளைந்து ஒன்றுக்குள் ஒன்றாகப் போகின்றன.

கைரேகை, ஃபர்ஹா. ஒரு விரல்.

செம்பில் விரல் பட்டால் எண்ணெயும் வேர்வையும் சேர்ந்து அப்படியே அரித்துவிடுமாம். காசு சேர்க்கிறவர்கள் இதைக் குறை என்பார்கள், விலை குறைந்துவிடும் என்பார்கள். அதற்காகத்தான் ஓரத்தில் மட்டும் பிடிக்கச் சொல்கிறார்கள். யூடியூபில் பார்த்தேன்.

என் கட்டைவிரலை அதே லென்ஸில் எடுத்துப் பார்த்தேன். என் கோடுகள் தடி தடியாக இருக்கின்றன. இது அவ்வளவு மெலிசு. அளவுக்காகப் பக்கத்தில் ஸ்கேலை வைத்து எடுத்திருக்கிறேன், நீயே பார். சாப்பிடும்போதுகூட மீன் காசைக் கீழே வைக்க மாட்டாள் என்று உனக்கு நினைவிருக்கிறதா? "மொதல்ல கையைக் கழுவு புள்ள" என்று கத்துவாய். கழுவவே மாட்டாள்.

நான் இப்போது அந்தக் காசைத் தொடவே இல்லை. கப்பைக் கவிழ்த்து மூடி வைத்துவிட்டு அந்த அறைக்குள் போகப் பயந்துகொண்டிருக்கிறேன்.

நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். துலக்கிய காசுகளில் என்ன இருந்ததோ என்று நானும் நினைத்தேன். தேய்த்தது என் கை. நீ உன்னைச் சொல்லிக்கொள்ளாதே. புளி போடாத வீடு எது?

அனஸ்


ஆண்டிமடம்
18.8.2025

மர்வா அத்தாவுக்கு,

புளி போடுங்கள் என்று எழுதியவள் நான். உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் அதுதான் தோன்றியது, படத்தைக்கூட எடுத்துப் பார்க்கவில்லை. நீங்கள் நினைத்திருந்தால் என்மேல் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு பார்த்தேன்.

அவளுக்கு ஐந்து வயதில் ஆதாருக்குக் கைரேகை எடுக்கப் போனோமே, மெஷின் எடுக்கவே மாட்டேன் என்றது. மெஷினில் இருந்த பெண் ஈரத்துணியால் விரலைத் துடைத்துத் துடைத்து அழுத்தினாள். "அத்தா, எனக்கு வெரல்ல கோடே இல்லையா?" என்று உங்களைக் கேட்டாள். "இருக்கு, சின்னதா இருக்கு" என்றீர்கள். கடைசியில் விழுந்துவிட்டது. அது எங்கேயோ ஒரு கம்ப்யூட்டரில் இன்னும் இருக்கும். நாம் கேட்டால் தருவார்களா? நான் அதை நினைத்துப் பல தடவை அழுதிருக்கிறேன், உங்களிடம் சொன்னதில்லை.

பக்கத்து வீட்டு வெற்றிச்செல்வியின் மகள் மூன்றாம் வகுப்பு. அவள் விரலை நீங்கள் அனுப்பிய லென்ஸில் ஸ்கேலோடு எடுத்தேன். என் விரலையும் எடுத்தேன். மூன்று படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காசில் இருப்பது குழந்தையின் விரல்தான். என் கோடுகளைவிட நெருக்கமாக, வெற்றிச்செல்வி மகளுடையது போலவே இருக்கின்றன.

ஆனால் நான் அறிவியல் நடத்துகிறவள், இதையும் எழுத வேண்டும். நம் மகள் விரல் என்று இதை வைத்து நிரூபிக்க முடியாது. நம் கைக்கு வருவதற்கு முன்னால் துபாயில் ஏதாவது ஒரு பிள்ளை அந்தக் காசைப் பிடித்திருக்கலாம். அப்படியே இருந்தாலும் அதுவும் யாரோ பெற்ற பிள்ளைதானே. அந்த விரல் பட்ட இடத்தில்தான் இவளும் பிடித்திருப்பாள்.

எனக்கு இந்தப் பிரிண்ட் போதவில்லை. காசைத் தபாலில் போட்டுவிடாதீர்கள். யாரும் தொட வேண்டாம். ஜைனம்பு அக்காவை அந்த மேசை பக்கம் விடாதீர்கள், அவர் சுத்தம் செய்யாத பொருள் இல்லை. சனிக்கிழமை வருகிறேன். ஜெயங்கொண்டம், அரியலூர் என்று பஸ் மாறி வர மதியம் ஆகிவிடும். பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம், வழி தெரியும்.

ஃபர்ஹா


ஆண்டிமடம்
26.8.2025

மர்வா அத்தாவுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். அரியலூரில் பஸ் கிடைக்கத் தாமதமாகிவிட்டது, நிலக்கரி லாரி ஒன்று வழியை மறித்து நின்றது.

வர வேண்டாம் என்று எழுதியும் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தீர்கள். எவ்வளவு நேரமாக என்று நான் கேட்கவில்லை. சட்டை முதுகு நனைந்திருந்ததைப் பார்த்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் பார்க்காத பெண்டாட்டியிடம் முதல் வார்த்தை "டீ குடிக்கிறியா, கப் வேணும்" என்று கேட்ட ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். அழுதுகொண்டு வந்தவள் சிரித்துவிட்டேன்.

மீன் காசை நேரில் பார்த்தபோது நான் ஒன்றும் பேசவில்லை என்று உங்களுக்கு வருத்தமாக இருந்திருக்கும். பேச வேண்டும் என்று ஆண்டிமடத்திலிருந்து சேர்த்துக்கொண்டு வந்ததெல்லாம் போனில் அந்த விரல் தெரிந்ததும் போய்விட்டது. நீங்கள்தான் பேசினீர்கள். லைட்டைப் பிடித்துக்கொண்டு, "இந்தா பாரு, இங்க அழுத்திப் புடிச்சிருக்கா. நழுவுது போல, மறுபடி புடிச்சிருக்கா பாரு" என்று காட்டினீர்கள். பிறகு அவள் பஸ்ஸில் கண்டக்டரிடம் மீன் காசைக் கொடுத்து டிக்கெட் கேட்ட கதையைச் சொன்னீர்கள். அது எனக்குத் தெரியவே தெரியாது. என்னிடம் இல்லாத ஒரு மர்வா உங்களிடம் இருந்திருக்கிறாள். இன்னும் எத்தனை கதை வைத்திருக்கிறீர்கள்?

அழும்போது நீங்கள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். அடுத்த தடவை திருப்ப வேண்டாம்.

உங்களிடம் சொல்லாமல் ஒன்று செய்தேன். அஸர் தொழ நீங்கள் பள்ளிவாசலுக்குப் போயிருந்தபோது துலக்கிய காசுகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் பளபளவென்று, ஒன்றுமே இல்லாமல் இருந்தன. அதில் பாய்மரக் கப்பல் போட்ட காசு ஒன்று. அக்கா பொரித்துக் கொடுத்தனுப்பிய வாடாவைத் தின்று கை எண்ணெயாக இருந்தது. கழுவவில்லை. கட்டைவிரலைக் கப்பல் மேல் வைத்து நன்றாக அழுத்திவிட்டு, துடைக்காமல் டப்பாவில் வைத்துவிட்டேன்.

பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தால் துலக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்களும் வையுங்கள்.

ஃபர்ஹா


பெரம்பலூர்
1.9.2025

ஃபர்ஹா,

கப்பல் காசைத் தேடி எடுத்தேன். லைட்டைத் தாழ்த்திப் பார்த்தேன். உன் விரல் இப்போதே லேசாகத் தெரிகிறது. கறுக்க நாளாகும்.

நானும் வைத்துவிட்டேன். ஓரமாகத்தான் வைக்கப் பார்த்தேன். சின்னக் காசு, என் விரல் பெரிசு. கொஞ்சம் உன்மேல் ஏறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. ஆண்டிமடம் வருகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு நீ வா, எனக்கு வழி தெரியாது.

அனஸ்